தலைமுறைகள் காத்த காங்கேயம் மந்தை

காங்கேயம் காளையை அறியாத உழவர் தமிழகத்தில் மிகச் சிலரே. ஆயினும், அவ்வினம் எவ்வாறு பேணப்பெற்றது என்பதை அறிந்தோர் பலர் இலர். இன்று திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த காங்கேயத்திற்கு அருகே பழையகோட்டை என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பட்டக்காரர் குடும்பத்தார் வழிவழியாக வளர்த்த மந்தை, இவ்வினத்திற்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. அக்குடும்பத்து நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரே இனத்தைச் செம்மை செய்தவர் எனக் கால்நடை நூல்கள் குறிக்கின்றன.

மந்தையைச் செம்மை செய்வது ஓர் ஆண்டில் முடியும் பணியன்று. கிடாரி முதற்கன்றை ஈனவே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகும். அக்கன்றின் தரத்தை அறிய மேலும் அத்தனை ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். தந்தை தேர்ந்து விட்ட பூச்சிக்காளையின் குணத்தை மகனே முழுமையாகக் காண்கிறான். பிழையான காளையை விட்டாலோ, அப்பிழையும் மகனுக்கே போய்ச் சேரும். கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு திங்களில் அந்நிறம் மாறிச் சாம்பல் நிறம் படரும். வளர்ந்த காளைக்குத் திமிலும் முன்பின் பாகங்களும் கறுக்கும்; காயடித்த எருதோ மயிலையாகவே நிற்கும். நிறத்தை மட்டும் கண்டு கன்றை விலை பேசுவோர் ஏமாறுவது இதனாற்றான்.

நாம் பெரிதும் மறந்துவிடுவது கொறங்காட்டை. மழை குறைந்த அந்நிலத்தில் முட்கிளுவையால் உயிர்வேலி அமைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் வளர விடுவர். ஆள் காவலின்றி மாடுகள் மேயும். ஒரு காட்டில் புல் குறைந்ததும் மறு காட்டிற்கு மாற்றுவர். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் கைகொடுக்கும். சாணம் அங்கேயே எருவாகிறது. கல்லும் சரளையுமான மண்ணில் நடந்து பழகிய குளம்பே பின்னர் வண்டிப் பாதையிலும் தேயாது நின்றது.

கவலை இறைத்த எருதுக்கு மின் இறைவைப் பொறி வந்தபின் வேலை குறைந்தது. உழவை டிராக்டர் ஏற்றது. பாலுக்காகக் கலப்பினப் பசுக்கள் வந்தன. காங்கேயம் பசு பால் குறைவாகத் தருவது உண்மையே. அதை மறைப்பதில் பயனில்லை. கொறங்காடுகள் பல மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறின. 2017-இல் சல்லிக்கட்டுக் கிளர்ச்சியின்போது நாட்டு மாடுகளின் பெயர் எங்கும் ஒலித்தது. நன்றே; ஆனால் அம்முழக்கத்தில் கொறங்காட்டைப் பற்றிப் பேசியோரை நாம் அதிகம் கேட்கவில்லை. வேலி சிதைந்தால் புல் போகிறது. புல் போனால் மந்தையைக் கட்டுத்தறியில் தீனி வாங்கிப் போட்டுக் காக்க வேண்டியதாகிறது. சிறு குடியானவருக்கு அச்செலவு கட்டுவதில்லை.

கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குச் செல்லும் அன்பர்கள், பொலிகாளை வாங்குமுன் அதன் தாய்ப்பசுவையும், இயலுமாயின் அது மேய்ந்த காட்டையும் பார்த்துவிட்டு விலை பேசுவார்களாக. வேலி குன்றிய காடு உடையோர், நல்ல கிளுவையிலிருந்து போத்து வெட்டி நட்டால் அது வேரூன்றித் தழைக்கும்.