சைக்கிள் தந்தார்கள்; பாதை எங்கே?

ஏழை வீட்டுப் பெண்பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் சேருகிறாள். அரசு அவளுக்குச் சைக்கிள் தருகிறது. 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய திட்டம், பின்னர் மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்தது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டும் நற்செயல்கள்; பாராட்ட நாம் தயங்கவில்லை. ஆனால் அந்தச் சைக்கிளை எந்தச் சாலையில் ஓட்டுவது? அந்தப் பேருந்து நிற்குமிடத்துக்கு எந்த வழியாக நடப்பது?

இது வீண் வாதமன்று. 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில், நடந்து சென்ற 'குற்றத்துக்காக' உயிர்விட்டோர் மட்டும் 32,825 பேர்! ஒரு சிற்றூரே ஓராண்டில் துடைத்தெறியப்பட்டதற்கு ஒப்பல்லவா இது?

"சாலையை அகலப்படுத்துகிறோமே" என்பர். யாருக்காக அகலம்? பத்தடித் தடம் ஒன்றைக் கார்களுக்கு விட்டால், மணிக்கு 600 முதல் 1,600 பேர் வரை கடக்கலாம். அதையே பேருந்துக்கென ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர். சைக்கிளுக்கு விட்டால் 7,000 பேர் அளவில். நடைபாதையாக்கினால் 8,000க்கும் மேல். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள்தாம் கோட்டையில் இருக்கிறார்கள். இந்தக் கணக்கு மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவிகிதம் அவர்களுக்கே என்றது. 2019இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வந்தது. மக்கள் குடும்பத்தோடு உலவுகிறார்கள். நல்லது! ஆனால் பட்டுப்புடவை வாங்கும் வீதிக்குக் கிடைத்தது, ரேஷன் கடைக்குப் போகும் தெருவுக்கு ஏன் கிடைக்கவில்லை? குடியிருப்புத் தெருக்களிலும் ஆறடியேனும் தடையின்றி நடக்க இடம் வேண்டுமென்று இந்திய சாலைக் காங்கிரஸ் 2012இல் விதி வகுத்தது. அந்த ஆறடியில் இன்று டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. மோட்டார் சைக்கிள் நிற்கிறது. தவறினால் கட்சிக்காரர் பேனர் நிற்கிறது. நம் கட்சிக்காரர் உட்படத்தான் சொல்கிறோம்.

ஒரு தெருவை அழகுபடுத்துவதோடு வேலை முடியாது. தெருக்களெல்லாம் வலைபோல் இணைய வேண்டும். ஆலந்து நாட்டுக் குரோனிங்கன் நகரத்தார் 1977இல் செய்ததைக் கேளுங்கள். ஊரின் நடுப்பகுதியை நான்கு கூறாக்கினர். ஒரு கூற்றிலிருந்து மறுகூற்றுக்குக் கார் நேரே போக முடியாது. வெளிச்சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வரவேண்டும். நடப்போரும் சைக்கிளோட்டியும் பேருந்தும் நேரே போகலாம். கடைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆட்சியினர் அசையவில்லை. இன்று அவ்வூருக்குள் நடக்கும் பயணங்களில் பாதிக்கு மேல் சைக்கிளில்தான். மேம்பாலமா கட்டினார்கள்? பெரும்பாலும் ஒருவழித் தெருக்களும் அறிவிப்புப் பலகைகளுமே செய்த வேலை அது.

நம் ஊரிலோ தலைகீழ்! புறநகரில் மனைப்பிரிவு போடுகிறவர் தெருவின் கடைசியில் சுவரெழுப்பி விடுகிறார். அடுத்த மனைப்பிரிவிலுள்ள பள்ளிக்குப் பிள்ளை பெருஞ்சாலைக்கு வந்து, லாரிக்கும் தண்ணீர் வண்டிக்கும் இடையே புகுந்து சுற்றிப் போகிறாள். காருக்குச் சுற்றுவது இரண்டு நிமிடம். அவளுக்கோ உயிர்ப் பயம்.

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரி, ஒவ்வொரு முட்டுச்சுவரிலும் நடந்தும் சைக்கிளிலும் கடக்க ஆறடி வழி விட்டாலன்றிக் கையெழுத்திடக் கூடாது. வார்டுதோறும் பள்ளி, பேருந்து நிறுத்தம், மருத்துவமனை, சந்தை ஆகியவற்றை இணைக்கும் வழிகளை வரைபடமாக்கி, மாமன்றத்தில் வைக்க வேண்டும். அடுத்த முறை தார் போடுமுன் பழைய தாரைச் சுரண்டி எடுக்கவேண்டும்; இல்லாவிடில் உள்ள நடைபாதையும் சாலைக்குக் கீழே போய்விடும். இவற்றில் எதற்கு உலக வங்கிக் கடன் வேண்டும்? அமைச்சர் சொல்லட்டும், கேட்கக் காத்திருக்கிறோம்.