தேவலோகத்துக்கு வழி!
திருவாரூர் மண்டபக் கூரையில் ஓர் அதிசயம்

தேவலோகம் எப்படி இருக்கும்? போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் எவரும் இல்லை. ஆனால், அதைப் படமாக எழுதி, பக்கத்திலேயே விளக்கமும் எழுதி வைத்திருக்கிறார்கள்!

திருவாரூர் தியாகராஜர் கோவிலின் தேவாசிரிய மண்டபத்துக்குப் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரையில் நீள நீளமான வரிசைகளில் வண்ணச் சித்திரங்கள். சுமார் 300 ஆண்டுகளுக்கு முந்தியவை. ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் குறிப்பு உண்டு. அது புலவர் தமிழ் அல்ல, பேச்சுத் தமிழ்! எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்குக் கதை சொல்ல வேறு ஆள் வேண்டாம்.

இங்கிலாந்தில் டோல்கீன் என்பவர் 1937-ல் "ஹாபிட்" என்ற கதையை வெளியிட்டார். தாம் கற்பனை செய்த நாட்டுக்குப் படமும் போட்டுக் கொடுத்தார். திருவாரூர் ஓவியர் அவரை முந்திக்கொண்டார்.

குரங்கு முக ராஜா

கதாநாயகன் முசுகுந்த சக்கரவர்த்தி. முகம் குரங்கு முகம். முற்பிறவியில் குரங்காக இருந்து சிவன் மேல் வில்வ இலைகளைப் போட்டவர். அதை மறக்காமல் இருக்க அந்த முகத்தையே கேட்டு வாங்கினாராம்.

அசுரனோடு போர். இந்திரனுக்கு உதவ முசுகுந்தர் தேவலோகம் போகிறார், வெல்கிறார். பரிசாகத் தியாகராஜர் சிலையைக் கேட்கிறார். இந்திரனுக்குக் கொடுக்க மனம் இல்லை. அதே மாதிரி ஆறு சிலைகளைச் செய்து, ஏழையும் வரிசையாக வைக்கிறான். முசுகுந்தர் அசலையே காட்டிவிடுகிறார்! ஏழு சிலைகளும் பூமிக்கு வருகின்றன.

திருவாரூர், நாகப்பட்டினம், திருநள்ளாறு, திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம்: இந்த ஏழு ஊர்களுக்கும் இன்று பஸ்ஸிலேயே போய் வரலாம்.

தேவலோகத்தை ஓவியர் எங்கே கண்டார்? தம்மைச் சுற்றித்தான்! இந்திர சபையின் உடை, நகை, நாட்டியம் எல்லாம் அவர் காலத்துத் தஞ்சைச் சீமையைச் சேர்ந்தவை. திருவிழாக் காட்சியில் வாணவேடிக்கை கூட உண்டு. ஓவியர் பெயர் சிங்காதனம். தம் பெயரையும் உருவத்தையும் ஓரிடத்தில் எழுதி வைத்தார். நல்ல காரியம் செய்தார். அந்தக் காலத்து ஓவியர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

மழைநீர் கசிந்தது, புகையும் தூசியும் படிந்தன. சில காட்சிகள் அடியோடு போய்விட்டன. மிஞ்சியவற்றை இந்த நூற்றாண்டில் நிபுணர்கள் சுத்தம் செய்து காப்பாற்றினார்கள். டேவிட் ஷுல்மனும் வி.கே. ராஜாமணியும் 2011-ல் இவற்றைப் படங்களோடு புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். நிறம் உதிர்ந்த இடங்களில் முசுகுந்தரின் பயணம் பாதி வழியில் அறுந்து, சற்றுத் தள்ளி மறுபடி தொடங்குகிறது.