வீட்டுக்கு ஒரு குப்புசாமி

உங்கள் வம்சத்தில் ஒரு குப்புசாமியோ பிச்சையோ உண்டா? அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தாயின் கண்ணீர் இருக்கலாம். முன் பிறந்தவை தங்காமற் போனால், அடுத்த குழந்தையைக் குப்பையில் புரட்டியெடுத்து இப்படிப் பெயரிடுவது நம்மவர் வழக்கம். எமன் ஏறிட்டுப் பார்க்கமாட்டான் என்ற நம்பிக்கை!

கணித மேதை ராமானுஜன் சிறு வயதில் சில காலம் காஞ்சீபுரத்தில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தவர். 1889-இல் அவருக்குப் பெரியம்மை கண்டது, பிழைத்தார். ஆனால் 1891-லும் 1894-லும் பிறந்த உடன்பிறப்புகள் இருவரும் ஓராண்டு நிறைவைக் காணவில்லை.

மேதையின் வீட்டுக் கதை ஏட்டில் ஏறிவிட்டது. நம் வீட்டுக் கதை? நகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவேட்டைப் பார்க்கலாம்தான். ஆனால் பெயரிடுமுன் மறைந்த சிசுவைப் பெயர் சொல்லித் தேட முடியுமா? ஆகவே, முதலில் பாட்டியிடம் கேளுங்கள்: "உங்களோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், பாட்டி?" அவர் விரல்விட்டு எண்ணுவதை இன்றே எழுதி வையுங்கள்.