உஷார்! பின்சக்கரம் தள்ளும் காரா? பனி விழுமுன் நாலு டயரையும் பாருங்கள்!

கனடாவில் முதல் பனிக்காலத்தைப் பார்க்கப் போகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். பிள்ளையை டொராண்டோவுக்கோ மான்ட்ரியலுக்கோ அனுப்பிவிட்டு, "செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் எடுத்துட்டேன்மா" என்று அவன் போனில் சொன்னதைக் கேட்டு பூரித்துப் போயிருக்கும் பெற்றோரே, நீங்களும்தான். அது என்ன கார் என்று கேட்டீர்களா? எந்தச் சக்கரம் அந்தக் காரை ஓட்டுகிறது என்று கேட்டீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். பனி இல்லாத ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றாது. இங்கே அதைக் கேட்டே ஆக வேண்டும்.

பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், லெக்ஸஸ், இன்ஃபினிட்டி, மஸ்டாங், டாட்ஜ் சார்ஜர் இவற்றில் பல மாடல்கள் ரியர் வீல் டிரைவ். இன்ஜினின் சக்தி முழுவதும் பின்சக்கரத்துக்குத்தான் போகும். கொஞ்ச வருஷம் ஓடிவிட்டால் இந்தக் கார்களின் விலை சரசரவென்று இறங்கிவிடும். புதிதாக வந்த பையன்கள் மயங்குவது அங்கேதான். ஒரே மாடலில் நாலு சக்கர டிரைவும் இருக்கும், பின்சக்கர டிரைவும் இருக்கும். பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் என்றால் பின்னால் 'எக்ஸ்டிரைவ்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்லா மாடல் 3-லும் பின்சக்கர டிரைவ் உண்டு. விற்பவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஸ்கார்பரோவில் எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அந்தப் பேச்சை எடுத்தாலே அவன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும்.

பழைய ரியர் வீல் டிரைவ் செடான் ஒன்று வாங்கினான். நவம்பர் கடைசியில் பனி கொட்டிய அன்று, அபார்ட்மென்ட் பார்க்கிங்கின் சரிவில் கார் ஏறவே இல்லை. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. டயர் கடைக்குப் போனான். நாலு டயரின் விலையைக் கேட்டு மலைத்துப் போனான். கூட வேலை செய்கிறவர் யோசனை சொன்னார்: "தள்றது பின்சக்கரம்தானே தம்பி, பின்னாடி ரெண்டு விண்டர் டயர் போட்டா போதும்." போட்டான். மறுநாள் அதே சரிவில் கார் ஜம்மென்று ஏறியது.

ஏறியது. அதை நம்பித்தான் ஏமாந்தான்.

கார் கிளம்புகிறது என்றதும் பயம் விட்டுப் போயிற்று. இரவு ஷிஃப்ட் முடித்து வரும்போது, 401 ஹைவேயில் இருந்து இறங்கும் வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்பினான். முன்சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. முன்னால் இருந்தவை பட்டன் தேய்ந்த பழைய ஆல் சீசன் டயர்கள். பிரேக்கை மிதித்தான். காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதறியது, வேகம் குறையவில்லை. நேராகப் போய்த் தடுப்புக் கம்பியில் மோதியது. தோள்பட்டை எலும்பு முறிந்து ஒரு செமஸ்டரே போயிற்று. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது ஏறியதுதான்.

உயிர் பிழைத்தான். எல்லாருக்கும் அப்படி அமையாது.

தயவுசெய்து இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். காரைத் தள்ளுவதுதான் பின்சக்கரத்தின் வேலை. திருப்புவது முன்சக்கரம். பிரேக் போட்டால் எடை முன்னால் சாயும். அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கும் முன்சக்கரத்துக்கே. பின்னால் மட்டும் நல்ல டயர் போட்டால் கார் போகும், நிற்காது. சரி, முன்னால் மட்டும் போட்டால்? அது இன்னும் கொடுமை! முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடி விட்டுவிடும். வளைவில் கார் அப்படியே சுழன்று எதிர் லேனுக்குப் போய்விடும்.

நாலும் வேண்டும். நாலும் ஒரே டயராக வேண்டும். இதில் பேரம் வேண்டாம்.

"ஆல் சீசன் என்றால் எல்லாக் காலத்துக்கும்தானே?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை! வெப்பநிலை ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் அந்த ரப்பர் ஃப்ரிட்ஜில் வைத்த வெண்ணெய் மாதிரி இறுக ஆரம்பிக்கும். பனியே இல்லாத காய்ந்த சாலையிலும் பிடிப்பு குறையும். விண்டர் டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளகியே இருக்கும்படி செய்யப்பட்டது. ஸ்போர்ட்ஸ் மாடல் கார்களோடு வரும் சம்மர் டயர் இன்னும் மோசம். உறைகுளிரில் ஓட்டினால் ரப்பரில் வெடிப்பு விடக்கூடும் என்று அதைத் தயாரிப்பவர்களே எச்சரிக்கிறார்கள்.

வாங்கப் போகும்போது டயரின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள். அந்தச் சின்னம் இருந்தால் பனியில் சோதித்துத் தேறிய டயர் என்று அர்த்தம். வெறும் 'எம் பிளஸ் எஸ்' எழுத்தைக் காட்டி யாராவது விற்கப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். அது பட்டன் வடிவத்தை மட்டும் சொல்கிற எழுத்து, சோதனைச் சான்று அல்ல.

பழைய டயர் வாங்குகிறீர்களா? ரொம்ப ரொம்ப உஷார்! 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 3516 என்றால் 2016-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. பட்டன் பளபளவென்று புதிதாகத் தெரியும், ரப்பர் கிழடாகி இருக்கும். பட்டன் ஆழம் நாலு மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் அந்த டயர் பனிக்கு உதவாது. ஆழத்தை அளக்கும் கருவி சில டாலர்தான்; கையோடு கொண்டு போங்கள்.

பல பின்சக்கர கார்களில் பின் டயர் அகலம், முன் டயர் குறுகல் என்று இரண்டு அளவு இருக்கும். பனிக்காலத்தில் அகலம் பெருமை இல்லை. அகல டயர் பனிச்சேற்றின் மேல் மிதக்கும், குறுகியது வெட்டி இறங்கும். உங்கள் காருக்கு நாலு பக்கமும் ஒரே குறுகிய அளவு போட அனுமதி உண்டா என்று கார் கையேட்டில் பாருங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம், மீறினால் அபராதம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. அதனால்தான் எனக்கு ஒன்டாரியோ பிள்ளைகளை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. சட்டம் கேட்கவில்லை என்றால் தேவையில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று: 2016 ஜனவரி முதல் ஒன்டாரியோ இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் விண்டர் டயர் போட்டவர்களுக்குத் தள்ளுபடி தந்தே ஆக வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

இனி ஓட்டும்போது தெரியும் அபாய அறிகுறிகள்.

சிக்னலில் கிளம்பும்போது காரின் பின்பக்கம் லேசாக ஒரு பக்கம் நெளிகிறதா? அதுதான் முதல் எச்சரிக்கை. வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்குகிறதா? கார் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, வேகத்தைக் குறையுங்கள். 2011 செப்டம்பருக்கு முன் தயாரான காரில் அந்தக் காவல் இல்லாமலே இருக்கலாம். ஸ்டியரிங் திடீரென்று கையில் லேசாகிவிட்டதா? கீழே கண்ணுக்குத் தெரியாத பிளாக் ஐஸ்! பாலங்கள்தான் முதலில் உறையும். மற்ற சாலை ஈரமாக இருக்கும்போதே பாலத்தின் மேல் ஐஸ் கட்டியிருக்கும்.

வளைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள். அதைவிட முக்கியம், வளைவில் பதறிப் போய்க் காலைப் படாரென்று எடுக்கவும் எடுக்காதீர்கள். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. காலை எடுத்ததும் எடை முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும், இன்ஜின் பின்சக்கரத்தை மட்டும் பிடித்து இழுக்கும். பின்பக்கம் வீசிவிடும். கியரைச் சட்டென்று குறைத்தாலும் இதேதான். பின்சக்கர எலக்ட்ரிக் காரில் காலை எடுத்தவுடன் கார் தானாக வேகம் குறையுமே, அந்த இழுப்பும் பின்சக்கரத்தில்தான். குறைக்க வசதி இருந்தால் பனிநாளில் குறைத்து வையுங்கள். குரூஸ் கண்ட்ரோல் பக்கமே போகாதீர்கள்.

வளைவு வருவதற்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறையுங்கள்.

மீறி வழுக்கிவிட்டதா? பிரேக்கில் ஏறி நிற்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விடுங்கள். போக வேண்டிய பக்கத்தைப் பாருங்கள், ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்புங்கள். கம்பத்தைப் பார்த்தால் கம்பத்துக்குத்தான் போவீர்கள். கார் நேராக ஆரம்பித்ததும் ஸ்டியரிங்கையும் உடனே நேராக்குங்கள். தாமதித்தால் மறுபக்கம் வீசும். ஆளில்லாத பார்க்கிங்கில், அனுமதி வாங்கி, பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்து ஒரு நாள் பழகிப் பாருங்கள்.

டிக்கியில் மணல் மூட்டை வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். கிளம்ப உதவும், நிற்க உதவாது. கட்டாமல் வைத்தால் மோதலில் அதுவே முன்னால் பாயும்.

பின்பக்கம் பனிக்குவியலில் சிக்கிக்கொண்டால், ஹீட்டருக்காக இன்ஜினை ஓட விடும் முன் இறங்கிப் போய் சைலன்சர் குழாயைப் பாருங்கள். பனி அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனை கிடையாது. தூக்கம்தான் வரும்.

டயர் மாற்றி எண்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மாற்றிய கடைக்கே திரும்பப் போய் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். இங்கே ஹைவேயில் சக்கரம் கழன்று ஓடுவது நடக்கிற விஷயம்தான். குளிரில் காற்றழுத்தமும் இறங்கும், அதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். அக்டோபரிலேயே கடைக்குச் சொல்லி வையுங்கள். முதல் பனி விழுந்த பிறகு போனால் வரிசை வாரக்கணக்கில் நிற்கும், அதுவரை அதே வழுக்கும் டயரில்தான் வேலைக்குப் போய்வர வேண்டியிருக்கும்.