புளிக்கு வரி போட்டது யார்? - ஜி.எஸ்.டி. கவுன்சிலும் முக்கால் பங்கு ஓட்டும்

(இரண்டாமாண்டு மின்னியல் மாணவன், மொரப்பூர்)



கடை பில்லின் அடியில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டு வரிகளைப் பார்த்திருப்பீர்கள். இதைப் போட்டது யார் என்று கேட்டால் பாதிப் பேர் "டெல்லி" என்பார்கள், மீதிப் பேர் "கோட்டை" என்பார்கள். இரண்டுமே பாதி உண்மைதான். விகிதத்தைப் பேசி முடிவு செய்வது ஜி.எஸ்.டி. கவுன்சில். அரசியல் சட்டத்தின் 101-வது திருத்தம் மூலம் 2016-ல் உண்டானது. மத்திய நிதி அமைச்சர் தலைவர், மாநில அமைச்சர்கள் உறுப்பினர்கள். வரி அமலுக்கு வந்தது 2017 ஜூலை 1.

இது நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். நம்ம பக்கம் புளி தட்டிக் கொட்டை எடுக்கிற வேலையில் எத்தனை குடும்பம் இருக்கிறது! எங்கள் வீட்டிலும் அந்தக் கூலிதான் என் பரீட்சை ஃபீஸ். அந்தக் காய்ந்த புளிக்கு 5 சதவீத வரி இருந்தது. 2019 செப்டம்பர் 20-ல் கோவாவில் நடந்த 37-வது கூட்டத்தில்தான் அதை எடுத்தார்கள். நோட்டுப் புத்தகம், பென்சிலுக்கு வரி போனதும் இப்படித்தான், 2025 செப்டம்பரில் நடந்த 56-வது கூட்டத்தில்.

சரி, கூட்டத்தில் கருத்து வேறுபாடு வந்தால்? அதற்கு 279-ஏ பிரிவில் ஒரு கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு, அதாவது 75 சதவீதம் வேண்டும்.

கால்குலேட்டரை எடுங்கள். சட்டசபை உள்ள டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீரையும் சேர்த்தால் மாநிலங்கள் 31. 66.67-ஐ 31-ஆல் வகுத்தால் ஒரு மாநிலத்துக்கு 2.15. முப்பத்தோரு மாநிலமும் ஒன்றாகக் கை தூக்கினாலும் 66.67-தான் வரும், 75 வராது. மத்திய அரசு "வேண்டாம்" என்றால் முடிந்தது கதை. அதேபோல மத்திய அரசு மட்டும் நினைத்தாலும் நடக்காது, அதற்கு 20 மாநிலங்களின் துணை வேண்டும். கோயில் உண்டியலுக்கு இரண்டு சாவி இருப்பது போல. என்ன, ஒரு சாவி முழுசாக ஒருவர் கையில் இருக்கிறது, இன்னொன்றை 31 துண்டாக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு நெருடுவது இன்னொன்று. 2011 கணக்குப்படி நம் தர்மபுரி மாவட்டத்தின் ஜனத்தொகை சுமார் 15 லட்சம். சிக்கிம் 6.1 லட்சம். கோவா 14.6 லட்சம். அவர்களுக்கும் 2.15, ஏழு கோடிக்கு மேல் உள்ள தமிழ்நாட்டுக்கும் 2.15! 2021 மே மாதம் 43-வது கூட்டத்தில் அப்போதைய நம் நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் இதைத்தான் கேட்டார். சிறிய மாநிலத்தின் குரல் அமுங்கக் கூடாது என்பதும் நியாயம்தான். ஆனால் தலைக்கணக்கை அடியோடு விட்டுவிடுவது சரியாகப் படவில்லை.

ஐரோப்பிய யூனியனில் இரண்டையும் பார்க்கிறார்கள். பெரும்பான்மை முடிவுக்கு 27 நாடுகளில் 15 நாடு ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த நாடுகளில் மொத்த ஜனத்தொகையில் 65 சதவீதம் பேர் இருக்கவும் வேண்டும். ஆனால் வரி என்று வந்துவிட்டால் அங்கே ஓட்டுக் கணக்கே கிடையாது, 27 நாடும் சம்மதிக்க வேண்டும். அந்த முறை இங்கே இருந்திருந்தால் புளி வரி போவதற்குள் என் பேரன் டிப்ளமோ முடித்திருப்பான்!

நம் கவுன்சிலிலும் பெரும்பாலும் பேசியே ஒருமனதாக முடிக்கிறார்கள். முதன்முதலில் ஓட்டு எடுத்தது 2019 டிசம்பர் 18-ல், 38-வது கூட்டத்தில். விஷயம் லாட்டரி. (தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்தாகிவிட்டது.) எல்லா லாட்டரிக்கும் ஒரே 28 சதவீதம் என்பதை, சொந்த லாட்டரி நடத்தும் கேரளா எதிர்த்தது. ஆதரவு 21 மாநிலம், எதிர்ப்பு 7. கணக்கு போட்டால் மாநிலங்களிடமிருந்து 50, மத்திய அரசின் 33.3, மொத்தம் 83.3. தீர்மானம் பாஸ்.

2022 மே 19-ல் சுப்ரீம் கோர்ட், கவுன்சிலின் பரிந்துரைகள் பாராளுமன்றத்தையும் சட்டசபைகளையும் கட்டாயப்படுத்தாது என்று தீர்ப்பு சொன்னது. ஆனாலும் ஒரு மாநிலம் மட்டும் தனி விகிதம் வைத்தால் வியாபாரம் குழம்பிவிடும் என்பதால் கவுன்சிலில் ஜெயிப்பதுதான் வழி. எல்லோரும் வந்திருக்கும் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தைத் தடுக்க 12 மாநிலம் வேண்டும். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலுங்கானா, கூடவே புதுச்சேரி என்று தெற்கு முழுக்க ஒன்று சேர்ந்தாலும் ஆறுதான் வருகிறது. மீதி ஆறுக்கு வடக்கே ஆள் தேட வேண்டும்.