குலுங்காத வேகம்

காரில் சொகுசு கூடினால் வேகம் குறையும், வேகம் கூடினால் முதுகு வலிக்கும் என்பது பலருடைய நம்பிக்கை. 1975 முதல் ஏழு தலைமுறைகளாக வந்துகொண்டிருக்கும் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் செடானின் உள்ளமைப்பு இதற்கு எதிரான சாட்சி. 1977-இல் அதற்குள் வந்த ஆறு சிலிண்டர் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். ஆறும் ஒரே வரிசையில் நிற்பதால், பிஸ்டன்கள் ஏறி இறங்கும்போது எழும் விசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. நான்கு சிலிண்டரில் ஒரு பகுதி அதிர்வாக மிஞ்சும். ஆறில் அந்த அதிர்வு இல்லாததால் எஞ்சினை நடுக்கமின்றி உயர்ந்த சுழற்சிக்குக் கொண்டுபோகலாம். அதே காரணத்தால்தான் இருக்கையில் அமர்ந்தவரும் அமைதியாகப் பயணிக்கிறார்.

சஸ்பென்ஷனிலும் இதே கதைதான். மேடுபள்ளத்தில் அமுங்கும் ஸ்பிரிங்கைத் தனியே விட்டால் துள்ளிக்கொண்டே இருக்கும். ஷாக் அப்சார்பருக்குள் பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளும்போது அந்த ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது. துள்ளல் அடங்கினால் பயணிக்குக் குமட்டாது, டயரும் தரையை விடாது. தரையை விட்ட டயரால் பிரேக் பிடிக்கவும் முடியாது, வளைவில் திரும்பவும் முடியாது. அப்படியானால் பந்தயக் கார்களின் ஸ்பிரிங் ஏன் அவ்வளவு விறைப்பு என்று கேட்கலாம். பந்தயத் தடம் வழவழப்பானது; குண்டும் குழியுமான சாலையில் அதே விறைப்பு சக்கரத்தைத் தெறிக்கவிட்டுப் பிடிப்பைக் கெடுக்கும். ஆனால் மென்மையான கார் வளைவில் சாயும் என்பதும் மெய். 2018-இல் வந்த தலைமுறையின் ஷாக் அப்சார்பர் இதற்கு எனக்குப் பிடித்த விடை: சின்ன அசைவுக்கு இளகியிருக்கும், சக்கரம் அதிகமாக நகர நகர இறுகும். முன்பு 2005 தலைமுறையில் பயணம் கடினமாக இருக்கிறது என்று எழுந்த புகாரில் பெரும்பங்கு, காற்றுப்போனாலும் ஓடக்கூடிய டயர்களின் தடித்த பக்கச்சுவருக்கே உரியது. அந்த விறைப்பால் வேகமும் கூடவில்லை.

காரின் நீளத்தில் மட்டும் சொகுசுக்கும் வேகத்துக்குமான இழுபறி உண்மையானது. இந்தியாவில் இத்தகைய கார்களின் உரிமையாளர் பலர் பின்னிருக்கையில் அமர்வதால், 2021-இல் முன்பின் சக்கரங்களின் இடைவெளியை 110 மில்லிமீட்டர் நீட்டிய 3 சீரிஸ் இங்கே விற்பனைக்கு வந்தது. காலை நீட்ட இடம் கிடைத்தது, முன்பின் ஆட்டமும் தணிந்தது. குறுகிய வளைவில் பழைய சுறுசுறுப்பு மட்டும் கொஞ்சம் போயிற்று.