தலைவரிடம் ஏறும் புளிப்பு

இரவில் அப்ப மாவில் சேர்க்கப்படும் சிறிதளவு கள், விடிவதற்குள் மா முழுவதையும் புளிக்கச் செய்துவிடுகின்றது. அது வேலை செய்வதை எவரும் காண்பதில்லை. பரிசேயரின் புளிப்பு மாவைக் குறித்து விழிப்பாயிருக்குமாறு ஆண்டவர் இயேசு எச்சரித்தது, பின்னாளில் திருச்சபையை வழிநடத்தவிருந்த தம் சீடர்களையே என்பது கருத்திற் கொள்ளத்தக்கது. பொறுப்பில் உள்ளோர், உடன் பணியாற்றுவோரின் தீய பழக்கங்களைத் தாமறியாமலே தமதாக்கிக்கொள்ளும் ஆபத்து என்றும் உண்டு.

காரியாலயங்களில் இதனை நாம் நாளாந்தம் காண்கின்றோம். சிற்றூழியரை ஒருமையில் அழைத்து அதட்டும் மேலதிகாரியைக் கண்டு மனம் நொந்த ஒருவர், பதவி உயர்வு பெற்று அதே கதிரையில் அமர்ந்ததும் அதே தொனியில் பேசத் தொடங்குகின்றார். இல்லாதவரைப் பற்றிக் கதைப்பதையும், பிறர் உழைப்பைத் தமதெனக் காட்டுவதையும் அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. சுற்றியிருப்போர் அனைவரும் செய்வதால், தவறு என்ற உணர்வே மங்கிப்போகின்றது.

திருத்தூதர்களின் தலைவரான புனித பேதுருவும் இச்சோதனைக்குத் தப்பவில்லை. அந்தியோக்கியா நகரில் பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு அவர் ஒரே பந்தியில் அமர்ந்து உணவருந்தி வந்தார். யோப்பாவில் காட்சி கண்டு, நூற்றுவர் தலைவர் கொர்னேலியுவின் வீட்டினுள் சென்று, கடவுள் மனிதரிடையே வேறுபாடு காட்டுவதில்லை என்று உணர்ந்தவர் அவர். எருசலேமில் அதற்கு எதிர்ப்பு எழுந்தபோது துணிவோடு விளக்கமளித்தவரும் அவரே. எனினும், யாக்கோபிடமிருந்து சிலர் வந்தபின், விருத்தசேதனத்தை வலியுறுத்தியோருக்கு அஞ்சி அப்பந்தியை விட்டு விலகலானார் (கலாத்தியர் 2:11-14).

பேதுருவின் விசுவாசம் மாறவில்லை. எவரேனும் கேட்டிருந்தால் சரியான விடையையே அவர் கூறியிருப்பார். ஆயினும் வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம், அவர்களுடைய வழக்கத்தை அவருடைய வழக்கமாக்கிற்று. ஏனைய யூதக் கிறிஸ்தவர்களும் அவரைப் பின்பற்றினர். பர்னபாவும் அந்த வெளிவேடத்திற்குள் இழுபட்டார். எருசலேம் சபையால் அந்தியோக்கியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கு கடவுளின் அருட்செயலைக் கண்டு மகிழ்ந்தவர் அல்லவா இந்தப் பர்னபா! பணியாளர் ஒருவரின் குறை அவரோடு நின்றுவிடவும் கூடும். தலைவரின் குறையோ அனைவரின் வழக்கமாகிவிடுகின்றது. நேற்றுவரை தம்மோடு உண்டவர்கள் இன்று ஒதுங்கி அமர்வதைக் கண்ட அந்தப் பிற இனத்துச் சகோதரரின் வேதனையைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

புனித பவுல் அதனை எல்லோர் முன்னிலையிலும் பேதுருவிடம் எடுத்துரைத்தார். அதனால் உறவு முறிந்துவிடவில்லை. பேதுருவின் இரண்டாம் திருமுகம் பவுலை அன்புக்குரிய சகோதரர் என்றே குறிப்பிடுகின்றது. தம் குறையைச் சுட்டிக்காட்டும் ஒருவரைத் தம்மருகே வைத்திருக்கும் தலைவர் பேறுபெற்றவர்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2014 டிசம்பர் 22ஆம் திகதி, திருப்பீட நிர்வாக அதிகாரிகளுக்கு வழங்கிய கிறிஸ்து பிறப்பு உரையில் 15 நோய்களைப் பட்டியலிட்டார். புறங்கூறுதல், மேலதிகாரிகளைத் துதிபாடுதல், தானின்றி எதுவும் நடவாது என எண்ணுதல், குறுகிய குழுக்களாகப் பிரிந்து கிடத்தல் என்பன அவற்றுட் சில. இவை ஒவ்வொரு கிறிஸ்தவருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் ஆபத்தானவை என்றும் அவர் எச்சரித்தார். அன்றைய தினமே வத்திக்கான் ஊழியர்களைக் குடும்பத்தினரோடு சந்தித்த அவர், தமது குறைகளுக்காகவும் தம் உடன்பணியாளரின் குறைகளுக்காகவும் மன்னிப்புக் கேட்டார்.

நோயை அறிந்துகொள்ள எளிய வழியொன்றைப் புனித லொயோலா இஞ்ஞாசியார் தமது ஆன்மீகப் பயிற்சிகளில் தந்துள்ளார். பல குறைகளோடு ஒரே வேளையில் போராடாது, ஒரு குறையை மாத்திரம் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் அதனைத் தவிர்க்க உறுதிபூண வேண்டும். அதில் விழும் ஒவ்வொரு தடவையும் கையை நெஞ்சில் வைத்து மனம் வருந்த வேண்டும். நண்பகலிலும் இரவிலும், எத்தனை தடவை விழுந்தோம் என்பதைப் புள்ளிகளிட்டுக் குறிக்க வேண்டும். அறியாமல் ஏறிய பழக்கம் இவ்வாறு எண்ணப்படும்போது வெளிச்சத்துக்கு வருகின்றது.

அதிபராகவோ, முகாமையாளராகவோ, பங்குச் சபைத் தலைவராகவோ, குடும்பத் தலைவராகவோ இருக்கும் நாம் ஒவ்வொருவரும் இவ்வாரம் ஒரு கேள்வியைக் கேட்போம். பிள்ளைகளிடமும் பணியாளரிடமும் நான் பேசும் தொனி எவரிடமிருந்து வந்தது? நம்மை நன்கறிந்த ஒருவரிடமும் இதனைக் கேட்டு, அவர் கூறும் விடையைச் சினமின்றி ஏற்றுக்கொள்வோம். பேதுருவைத் திருத்தி வழிநடத்திய ஆண்டவர், நம்மையும் அனைவரும் ஒன்றாக அமரும் பந்திக்கு மீண்டும் அழைத்துச் செல்வாராக.